ஒரு கை குறைகிறது: ஆங்கிலப் பாடநூல் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிக்கூட ஆங்கிலப் பாடநூல்களையும், அவற்றுக்கான உரைநூல்களையும், கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிற பயிற்சி நூல்களையும் எழுதுகிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் போட்டுச் சாயங்கால டியூஷன் எடுக்கிறவள். 22 வருஷமாக ஆங்கிலம்தான் சொல்லிக் கொடுக்கிறேன். காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். மீன் ஏலம் எடுக்கிற வீடு, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிற வீடு, பாரிமுனையில் மூட்டை தூக்குகிற வீடு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. உங்கள் புத்தகம் கடைசியாக வந்து சேர்கிற இடம் இதுதான். அதனால் இங்கே அது என்ன ஆகிறது என்று உங்களுக்குச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன மாசம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நோட்டோடு வந்தாள். அவள் அப்பா மீன்பிடி லாஞ்சில் போகிறவர். போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கரை. ஒரு பயிற்சி நூலில், புயலில் மாட்டிக்கொண்ட கப்பலைப் பற்றி ஒரு பத்தி வந்திருக்கிறது. கடைசி வரி: ‘தி ஷிப் வாஸ் லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்.’ மாலுமிகளுக்கு என்ன ஆயிற்று என்பது கேள்வி. அவள் எழுதியிருந்த விடை: ‘தே லாஸ்ட் தேர் ஹேண்ட்ஸ்.’ அவர்களுக்குக் கை போய்விட்டது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

“இதுல இன்னா மிஸ் தப்பு? ஹேண்ட்ஸ்னுதானே போட்டுக்குது? வின்ச்சுல ரோப்பு மாட்டுனா கை போவும் மிஸ். எங்க பெரிப்பாவுக்கு ரெண்டு வெரலு அப்டித்தான் போச்சு.”

அந்த இடத்தில் ஹேண்ட் என்றால் ஆள் என்று சொன்னேன். கப்பலில் வேலை பார்க்கிற ஒவ்வொருத்தரும் ஒரு ஹேண்ட். ஆல் ஹேண்ட்ஸ் என்றால் இருந்த அத்தனை பேரும். கப்பலோடு எல்லாரும் போய்விட்டார்கள் என்பதுதான் அந்த வரி. அவள் பேனாவை மூடி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஒருத்தர் கூட வர்லியா மிஸ்?” என்றாள். அவள் அப்பா கடலுக்குப் போய் அன்றைக்கு ஆறாவது நாள்.

இந்தப் பிள்ளை இடியம்ஸ், அதாவது மரபுத்தொடர்கள், படிக்காதவள் இல்லை. உங்கள் பட்டியலில் இருக்கிற ஐம்பதையும் தலைகீழாக ஒப்பிப்பாள். ப்ளூ மூன் எப்போது வரும், பீஸ் ஆஃப் கேக் என்றால் எவ்வளவு சுலபம், பக்கெட்டை உதைத்தவர் என்ன ஆனார், எல்லாம் தெரியும். பொருத்துக பகுதியில் முழு மார்க்கு வாங்கியவள். ஹேண்ட் என்கிற சொல்லையோ ஒன்றாம் வகுப்பிலேயே படம் பார்த்துப் படித்துவிட்டாள். படித்து முடித்த சொல் என்று அதை ஒதுக்கிவிட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் அதே சொல் அவளைக் கவிழ்த்துவிட்டது.

கனமழைக்கு உங்கள் பட்டியல் தருகிற ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’, பூனையும் நாயுமாக மழை பெய்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் கனவான்களின் தேய்ந்துபோன பேச்சைக் கேலி செய்து எழுதிய உரையாடலிலேயே அது இருக்கிறது. அன்றைக்கே பழசாகிப் போன தொடர் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றது. என் பிள்ளைகள் அந்த மழையை “பிச்சிக்கினு ஊத்துச்சு மிஸ்” என்றார்கள். அதையே ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். அத்தனை நோட்டிலும் பூனை, நாய். ஆங்கிலக்காரர்களும் அன்றாடப் பேச்சில் மழை ‘ஊற்றுகிறது’ என்றுதான் சொல்கிறார்கள். ‘போர்’ என்பது டீயை ஊற்றவும் மழையை ஊற்றவும் ஒரே வினை. பிள்ளை வாயில் சரியான படம் ஏற்கெனவே இருந்தது. நாம் அதைப் பிடுங்கிவிட்டுப் பொம்மை ஒன்றைக் கொடுத்திருக்கிறோம்.

ஒரு மொழியில் பாரம் சுமக்கிறவை சின்னச் சொற்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ என்ற வினைக்கு மட்டும் 400க்கு மேற்பட்ட பொருள்கள் வரும். ரன், கெட், டேக், புட், ஹேண்ட், ஹெட், கண்ணைக் குறிக்கிற ஐ என்று எல்லாம் இந்த ஜாதிதான். அகரவரிசைப்படி ஐம்பது தொடர்களை அடுக்குவதற்குப் பதிலாக இவற்றில் ஒன்றை எடுத்து ஒரு வாரம் அதோடு இருக்க விடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. பக்கத்தில் அதற்கு நேரான தமிழ்ச் சொல்லையும் உட்கார வையுங்கள். ஹேண்ட் பக்கத்தில் கை.

நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம், கை வருகிற பேச்சு எதெல்லாம் தெரியும், சொல்லுங்கள் என்றால் கூரை பறக்கும். கைமாத்து, கைராசி, கைநாட்டு, கைப்பக்குவம், கைச்செலவு, கைக்குழந்தை, கையாலாகாதவன், கையும் களவுமா, கைய விரிச்சிட்டான், கைய சுட்டுக்கினான், கை மீறிப் போச்சு, ஒரு கை பார்த்துர்லாம், கைல காசு வாய்ல தோசை. கரும்பலகை நிறைந்துவிடும். வாயே திறக்காத பையன் கூட ஒன்று சொல்வான், ஏனென்றால் இது அவன் வீட்டுச் சரக்கு. ஆங்கில வகுப்பில் தனக்கும் ஏதோ தெரியும் என்று அவன் உணர்கிற முதல் அரைமணி நேரம் அது. அதன் அருமை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஆங்கிலத்துக்கு வருவேன். ‘அவுட் ஆஃப் ஹேண்ட்’ என்றால், கை மீறிப் போச்சு. ‘ரைட் ஹேண்ட் மேன்’ என்றால், அவரு தலைவருக்கு வலது கை மாதிரி. ‘கேஷ் இன் ஹேண்ட்’ என்றால் கையிருப்பு. அவர்கள் தெரு மளிகைக்கடைக் கணக்குப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. ‘செகண்ட் ஹேண்ட்’ வண்டி என்று எல்லாப் பையனும் சொல்கிறான். அதில் வருகிற ஹேண்ட் என்ன கை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. முதல் கையிலிருந்து இரண்டாவது கைக்கு வந்த வண்டி. நாமும் ‘கை மாறி வந்தது’ என்றுதானே சொல்கிறோம் என்று ஒரு பையன் அவனாகவே கண்டுபிடித்தான். உதவிக்குக் கை கொடு என்கிற ‘லெண்ட் எ ஹேண்ட்’ வந்தபோது நான் 788ஆம் குறளைச் சொல்லச் சொன்னேன். உடுக்கை இழந்தவன் கை போல. நழுவுகிற துணியைப் பிடிக்கப் போகிற அந்தக் கையை மனப்பாடப் பகுதியாகவே ஒப்பித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்குத்தான் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோய்ச் செய்து பார்த்தார்கள். சீட்டாட்டத்தில் ‘ஒரு கை கொறையுது’ என்று திண்ணையில் கூப்பிடுகிற கையும், ஆங்கிலத்தில் ‘ஷோ யுவர் ஹேண்ட்’ என்கிற கையும் ஒரே மேடையில் இருக்கின்றன: இங்கே கை என்றால் ஆட்டக்காரர், அங்கே அவர் பிடித்திருக்கிற சீட்டு.

காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவே தேவைப்படாத ஒன்று உண்டு. ‘ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்’ பணம் சம்பாதிக்கிறார் என்றால் மளமளவென்று பணம் குவிகிறது என்று பொருள். உரைநூலில் இந்தப் பொருள் மட்டும் இருக்கும். அது கப்பலில் பிறந்த தொடர். பாய்மரக் கப்பலில் கயிற்றை இழுக்கும்போது ஒரு கை பிடித்திருக்க, மறு கை அதைத் தாண்டிப் போய்ப் பிடிக்கும்; பிடித்த கை முஷ்டியாக இருக்கும், தாண்டுகிற கை விரிந்திருக்கும். ஒரு பையன் எழுந்து நின்று, இல்லாத கயிற்றை இழுத்துக் காட்டினான். முழங்கை மடங்குகிற விதம், உடம்பு பின்னால் சாய்கிற விதம், விட்ட கை முந்திக்கொண்டு போகிற வேகம் எல்லாம் அச்சு அசல். அவன் தாத்தா வலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவன். கயிறு எப்படிக் காலடியில் குவியுமோ அப்படிப் பணம் குவிகிறது என்று அவனே வகுப்புக்குச் சொன்னான். லண்டனில் படித்த பிள்ளைக்குக் கூட அந்தத் தொடர் இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருக்காது.

இதேபோல்தான் ‘வாஷ் ஒன்ஸ் ஹேண்ட்ஸ்’. ராயபுரம் கடற்கரையோரம் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. பெரிய வெள்ளிக்கிழமையில், இயேசுவை விசாரித்த ஆளுநர் பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்துக்கு முன்னால் கை கழுவுகிற இடத்தைக் கோயிலில் வருஷா வருஷம் கேட்கிறார்கள். மத்தேயு 27ஆம் அதிகாரம். ஆங்கிலத் தொடர் அங்கிருந்துதான் வந்தது. நாமும் ‘கை கழுவிட்டான்’ என்கிறோம். பிலாத்தை ஒரு பிள்ளை ஞாபகப்படுத்திவிட்டால் அப்புறம் அந்தத் தொடர் அவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. ‘ரெட் ஹேண்டட்’ என்பதில் வருகிற சிவப்பு, கொலை செய்தவன் கையில் காயாமல் இருக்கிற ரத்தம். ஸ்காட்லாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. நம் ‘கையும் களவுமா’வில் ரத்தம் இல்லை, திருட்டு இருக்கிறது. ஒரே சம்பவத்தை இரண்டு ஊரும் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்திருக்கின்றன.

ஆளைக் கை என்று எண்ணுகிற பழக்கத்துக்குத் திரும்ப வருகிறேன், என் மனசு அதிலேயே நிற்கிறது. கப்பலில் மட்டும் இல்லை. பண்ணையில் ஃபார்ம் ஹேண்ட், ஆலையில் மில் ஹேண்ட். என் தாத்தா பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில்லில் வேலை பார்த்தவர். ஊரில் பின்னி மில் என்பார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று அங்கேதான் மதராஸ் லேபர் யூனியன் பிறந்தது. இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று. அந்த ஆயிரக்கணக்கான பேரையும் ஆங்கிலம் மில் ஹேண்ட்ஸ் என்றது. தமிழில் நாம் ஆள் என்போம். வேலைக்கு ஆள் பத்தல, ஆள் எடுக்கிறாங்க, ஆளோட ஆளா நின்னான். ஆங்கிலத்தில் அதே ஆள் பத்தாக்குறை ‘ஷார்ட் ஹேண்டட்’. வேலை என்று வந்தால் கையை எண்ணுகிறது ஆங்கிலம். சாப்பாடு, கட்டணம் என்று வந்தால் ‘பெர் ஹெட்’ என்று தலையை எண்ணுகிறது. அதில் நாமும் கூட்டு, தலைக்கு இவ்வளவு என்கிறோம். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் அரை மணி நேரம் சண்டை போடுகிறார்கள், கை என்று கூப்பிடுவது மரியாதையா இல்லையா என்று. அப்படி ஒரு சண்டை உங்கள் ஐம்பது தொடர்ப் பட்டியலில் ஒரு நாளும் வந்ததில்லை.

கை என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் கசப்பான சரித்திரமும் உண்டு. ஜார்ஜ் டவுன் கருப்பர் நகரமாக இருந்த காலத்தில் ஜாதிகளை வலங்கை, இடங்கை என்று பிரித்திருந்தார்கள். கிழக்கிந்தியக் கும்பினியின் தாமஸ் பிட் இங்கே ஆளுநராக இருந்தபோது 1707இல் யார் எந்தத் தெருவில் கல்யாண ஊர்வலம் போகலாம் என்று அந்த இரண்டு ‘கை’களுக்கும் பெரிய கலகம் மூண்டது. கும்பினிக்காரர்கள் அதை ரைட் ஹேண்ட், லெஃப்ட் ஹேண்ட் என்று மொழிபெயர்த்துக் கணக்கில் எழுதினார்கள். பெத்துநாயக்கன்பேட்டையும் முத்தியால்பேட்டையும் வழியாகத் தினம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இதுவும் தெரியட்டும். சொல் என்பது எப்போதும் நல்ல சங்கதியை மட்டும் சுமப்பதில்லை.

இரண்டு மொழிக்கும் பொருந்துகிறதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். பொருந்தாத இடத்தில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள், அதைப் பற்றி உங்கள் புத்தகங்களில் ஒரு வரி கூட இல்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பி.காம். முடித்துப் பாரிமுனையில் ஒரு சரக்குப் பெட்டக ஏஜென்ட் ஆபீஸில் சேர்ந்தான். அவர்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள். ஒரு பார்ட்டியின் கன்டெய்னர் துறைமுகத்தில் தேங்கி டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறிக்கொண்டிருந்தது. தள்ளுபடி கேட்டு வெளிநாட்டு ஆபீஸுக்கு இவன் மெயில் அனுப்ப, அங்கிருந்து ‘மை ஹேண்ட்ஸ் ஆர் டைடு’ என்று பதில் வந்தது. கை கட்டியிருக்கிறேன். நம் ஊரில் கைகட்டி நிற்பது என்றால் என்ன? பெரியவர் முன்னால் பணிந்து, சொன்னதைச் செய்யத் தயாராக நிற்பது. சரி என்கிறார்கள் போலிருக்கிறது என்று இவன் நினைத்துவிட்டான். பார்ட்டிக்குப் போன் போட்டுத் தள்ளுபடி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அந்தத் தொடருக்குப் பொருள் நேர் எதிர்: என் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், என்னால் ஒன்றும் செய்ய முடியாது. நாம் கையை விரித்துவிட்டான் என்போமே, அது. இரண்டு நாள் கழித்து உண்மை தெரிந்தது. அந்த மாசச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு அவனை அனுப்பிவிட்டார்கள்.

அவன் என் வீட்டு மாடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துகொண்டு, “நீங்க சொல்லிக்குடுத்ததுல இது வர்லியே மிஸ்” என்றான். குற்றமாகச் சொல்லவில்லை, யோசித்துப் பார்த்துச் சொன்னான். அந்த ஐம்பதில் அது இல்லைதான். நானும் அப்போதெல்லாம் உங்கள் பட்டியலைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம்தான் மாற்றினேன்.

இப்படிப்பட்ட பொறிகள் எத்தனையோ. கை நீளம் என்றால் நமக்குத் திருட்டுப் புத்தி. ஆங்கிலத்தில் ‘லாங் ஹேண்ட்’ என்றால் சுருக்கெழுத்து இல்லாத சாதாரணக் கையெழுத்து. செலவு நமக்குக் கையைக் கடிக்கும். ஆங்கிலத்தில் சோறு போட்ட கையைக் கடிக்கிறவன் நன்றி கெட்டவன், நம் கணக்கில் உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவன். ‘கிவ் எ ஹேண்ட்’ உதவி. அதில் ‘பிக்’ சேர்ந்துவிட்டால் கைத்தட்டல். ‘புல்லிங் மை லெக்’ வெறும் கலாய்ப்பு. காலை வாரிவிட்டான் என்றால் நமக்குத் துரோகம். ‘ஹெட் ஆர் டெய்ல்’ புரியவில்லை என்றால் ஒன்றும் விளங்கவில்லை. நமக்குத் தலைகால் புரியவில்லை என்றால் சந்தோஷத்தில் மிதக்கிறான்.

இதில் ‘ஹேண்ட் டு மௌத்’ எங்கள் பிள்ளைகளுக்கு மிக நெருங்கினது. அதை எழுதினால் பாதிப் பேர் ‘கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல’ என்று மொழிபெயர்க்கிறார்கள். கையும் வாயும் இரண்டிலும் இருக்கிறதே. ஆனால் நம் பழமொழி கிடைக்கப்போன ஒன்று தவறிப் போனதைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடரில் எதுவும் தவறவில்லை; கைக்கு வந்தது நேராக வாய்க்குப் போகிறது, நாளைக்கு என்று எடுத்து வைக்க மிச்சமில்லை. அதற்குத் தமிழ் அன்னாடங்காய்ச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் எத்தனை வீட்டில் கைமாற்று ஓடுகிறது, தண்டல்காரர் எத்தனை வாசலில் நிற்கிறார் என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். அன்னாடங்காய்ச்சி என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், ஹேண்ட் டு மௌத் அவர்களுக்குப் புரிந்துவிடும். ‘எ லைஃப் ஆஃப் பாவர்ட்டி’ என்று அருஞ்சொற்பொருள் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் ஓர் அருஞ்சொற்பொருள் வேண்டியிருக்கிறது.

திருப்பியும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். நம் வீட்டில் ‘கை நனைச்சிட்டுப் போங்க’ என்கிறோம். இதை ஓர் ஆங்கிலப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வாய் என்று கேட்டேன். ‘வெட் யுவர் ஹேண்ட்’ என்று ஆரம்பித்து, அவனுக்குக் குழாயைக் காட்டினது போல ஆகிவிடும் என்று அவர்களே அழித்தார்கள். பிறகு, கையால் சாப்பிடுவது, சாப்பிடும் முன்னும் பின்னும் கழுவுவது, ஒரு வீட்டில் கை நனைக்க மறுத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தமாவது என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஸ்பெல்லிங் தப்பு இருந்தது. ஆனால் இடியம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பேச்சை வெளியூர்க்காரர்கள் மட்டமாக நினைப்பது எனக்குத் தெரியும். பேஜாரும் கலீஜும் நாஸ்தாவும் உருதுவிலிருந்து வந்து எங்கள் நாக்கில் குடியேறின. தெலுங்கும் ஆங்கிலமும் கூடவே வந்தன. ஒரு சொல்லை வாங்கி, வளைத்து, தன் தேவைக்குப் புதுத் தொடர் உண்டாக்குகிற வேலையை இந்தத் தெருக்கள் முந்நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்துவருகின்றன. இடியம் படிக்க இதைவிடத் தயாரான பிள்ளைகள் உங்களுக்கு எங்கே கிடைப்பார்கள்? அவர்கள் வீட்டுப் பேச்சை வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வகுப்புக்குள் வரச் சொல்லாதீர்கள்.

அடுத்த முறை புத்தகத்தைத் திருத்தும்போது ஒரு வகுப்புக்கு நாலே நாலு சொல் எடுங்கள். ஆறாம் வகுப்பில் கையும் தலையும், ஏழில் கண்ணும் காலும், அப்புறம் ரன், பிரேக் மாதிரி வினைகள். ஒவ்வொரு தொடருக்கும் அது பிறந்த இடத்தை, உறுதியாகத் தெரிந்தால், ஒரு வரியில் சொல்லுங்கள். கப்பல், குதிரைப் பந்தயம், வேதாகமம், சீட்டாட்டம் என்று. தெரியாவிட்டால் கதை கட்டாதீர்கள். நேரான தமிழ்த் தொடர் இருந்தால் போடுங்கள். பார்க்க நேராக இருந்து பொருளில் கவிழ்க்கிறது இருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். பொருத்துக கேள்வியை எடுத்துவிடுங்கள். தொடர் வருகிற நாலு வரிப் பத்தியைக் கொடுத்து, அங்கே என்ன நடந்தது என்று கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதினாலும் மார்க்கு உண்டு என்று சொல்லுங்கள், ஏனென்றால் சோதிப்பது புரிதலை. ‘தே லாஸ்ட் தேர் ஹேண்ட்ஸ்’ என்று எழுதின பிள்ளைக்குச் சைபர் போடுகிற ஆசிரியர், பக்கத்தில் ‘இங்கே ஹேண்ட் என்றால் ஆள்’ என்று எழுத வேண்டும் என்பதையும் ஆசிரியர் கையேட்டில் போடுங்கள். மூன்று வினாடி வேலை அது.

என் பிள்ளைகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம். ‘கை’ முடிந்து இப்போது ‘தலை’ நடக்கிறது. நேரான தொடர் இல்லாத இடத்தில் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். என்றைக்காவது யாராவது ஒன்று கொண்டுவருவார்கள் என்று. அந்தப் பிள்ளையும் தன் வரியை எழுதிவிட்டாள். வலப்பக்கம் ‘லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்’. இடப்பக்கம் ‘ஆளோட முழுவிப் போச்சு’. முழுகி என்று திருத்த எனக்கு மனசு வரவில்லை. அவள் அப்பா பத்தாம் நாள் கரைக்கு வந்துவிட்டார்.

நோட்டைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தச் சாயங்காலமும் வாருங்கள், ஐந்தரைக்கு மேல். பிள்ளைகள் இருப்பார்கள். கை நனைக்காமல் உங்களை அனுப்ப மாட்டோம்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை டியூஷன் மிஸ்